வேரில் விரிசல்: ரூட் கேனாலின்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூட் கேனால் செய்த பல் சில வருடம் கழித்து வேரில் பிளந்துவிட்டால், கடினமாக எதையோ கடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிளவுக்கான வழி சிகிச்சையின்போதே போடப்பட்டிருக்கலாம். நரம்பு எடுத்த பல் காய்ந்து நொறுங்கும் என்பார்கள். ஆனால் ஈரம் குறைவதைவிட, டென்டின் (எனாமலுக்கு உள்ளே பல்லின் பெரும்பகுதியாக இருக்கும் கடினத் திசு) எவ்வளவு சுரண்டப்பட்டது என்பதுதான் பல்லின் பலத்தைத் தீர்மானிக்கிறது.

எனவே பெரிய தவறு, வேர்க்குழாயைத் தேவைக்கு மேல் அகலமாக்குவது. குழாயைச் சுரண்டும் ஊசி போன்ற கருவிதான் ஃபைல். நுனியில் 0.25 மி.மீ. தடிமன் உள்ள ஒரு ஃபைலை எடுத்துக்கொள்வோம். டேப்பர், அதாவது நுனியிலிருந்து மேலே போகப் போகத் தடிமன் கூடும் வீதம், 2 சதவீதம் என்றால், நுனியிலிருந்து 10 மி.மீ. மேலே அதன் தடிமன் 0.45 மி.மீ. டேப்பர் 6 சதவீதம் என்றால் அதே இடத்தில் 0.85 மி.மீ. நுனி அளவு மாறவே இல்லை, மேலே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்பக்க வேரில், வேர்கள் பிரியும் பக்கச் சுவர் இயல்பிலேயே மெலிது. அங்கே இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

அதற்காக மோட்டாரில் சுழலும் ரோட்டரி ஃபைல்களையே ஒதுக்குவதும் சரியில்லை. பிடுங்கிய பற்களை வெட்டிப் பார்த்த ஆய்வுகள் பல, விரிசலுக்கு அவற்றையே காரணம் காட்டின. அப்புறம் பல்லை வெட்டாமலே உள்ளே நுணுக்கமாகக் காட்டும் மைக்ரோ சி.டி. ஸ்கேனில் ஒரே பல்லை முன்னும் பின்னும் படம்பிடித்தபோது, அந்த நுண்விரிசல்களில் பெரும்பாலானவை முன்பே இருந்தவை என்று தெரிந்தது. பிடுங்கிய பல் உலர்ந்தாலே விரிசல் விடும். ஆனாலும் ஃபைல் வேர் நுனியைத் தாண்டாமல் நீளத்தைச் சரியாக அளப்பதில் அலட்சியம் கூடாது.

குழாயை அடைக்கும்போது கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற அடைப்புப் பொருளை ஸ்ப்ரெடர் என்ற கூரான கருவியால் பலம்கொண்ட மட்டும் அழுத்துவது, விறகில் ஆப்பு இறக்குவது மாதிரிதான். ஸ்ப்ரெடர் தானாகப் போகும் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேருக்குள் இறக்கும் போஸ்ட் என்ற தண்டும் பல்லைப் பலப்படுத்தாது. மேலே கட்டும் பகுதியைப் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அதற்காக வேரை மேலும் குடைவது நஷ்டக் கணக்கு. குழாய்ச் சுவரைச் சுத்தம் செய்யும் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. திரவத்துக்கு ஒரு நிமிடம் போதும். நிறைய நேரம் விட்டால் டென்டினை அரிக்கும்.

நோயாளிகள் செய்யும் தவறு, வலி போனதும் கேப் போடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது. கடைவாய்ப் பல் என்றால் மேலே உடையும் பிளவு வேர்வரை இறங்கிவிடலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சை முடிந்த பல்லின் ஈறு ஓரத்தில் சீழ்க்கொப்புளம் வந்து வந்து போனாலோ, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈறு குறுகலாக, ஆழமாக விலகியிருந்தாலோ, வேர் பிளந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் கோடு தெரியாமல் போகலாம். அதைச் சோதிக்காமல் மறுபடி ரூட் கேனால் செய்தால், இருக்கும் சுவரும் மெலியும். நெடுக்காகப் பிளந்தது ஒற்றை வேர்ப் பல் என்றால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். பல வேர்கள் உள்ள பல்லில் பிளந்த வேரை மட்டும் வெட்டி எடுத்து மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள்.