பரிசுக் கட்டில்: நான்கு மூலைகளில் நடக்கும் தவறு

கட்டில், தச்சுவேலையில் கடினமான உருப்படி அல்ல. நாற்காலியில் வரும் கோணல் வெட்டுகள் இதில் கிடையாது. நான்கு கால், தலைமாடு, கால்மாடு, இரண்டு பக்கச் சட்டங்கள், மேலே மெத்தையைத் தாங்க வரிசையாக ரீப்பர்கள் என்ற குறுக்குப் பட்டைகள். இதனாலேயே முதல் பெரிய வேலையாகப் பலர் இதை எடுக்கிறார்கள், அதுவும் நெருங்கியவருக்குப் பரிசாக. பழைய கைகள் ஒரு காலத்தில் செய்து நொந்து கைவிட்ட பிழைகளை ஒவ்வொரு புதியவரும் முதல் ஆளாகச் செய்வதைப் பார்க்க வேடிக்கையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

உளியைத் தீட்டி வை, வெட்டும் முன் இன்னொரு தரம் அள என்ற பாடமெல்லாம் இங்கே வேண்டாம். இது பட்டறையை விட்டு வெளியே போய் இன்னொருவர் வீட்டில் நிற்கப்போகும் கட்டில். அதற்கே உரிய தவறுகளைப் பார்ப்போம்.

மூலையை ஒட்டிவிடுவது, அல்லது ஸ்க்ரூ போட்டு ஒப்பேற்றுவது

தலைமாட்டின் இரு கால்களையும் அவற்றுக்கு நடுவே வரும் குறுக்குச் சட்டங்களையும் துளையும் அதில் நுழையும் கழுந்தும் (சட்டத்தின் மெலித்த முனை) போட்டுப் பசை வைத்து ஒரே அங்கமாக்கிவிடலாம். கால்மாட்டையும் அப்படியே. இந்த இரண்டையும் இணைக்கிற பக்கச் சட்டங்கள் மட்டும் கழற்றி மாட்டும்படி இருந்தாக வேண்டும். சேருமிடம் மொத்தமே நான்கு மூலைதான். அந்த நான்கில்தான் ஆர்வக்கோளாறு வேலை செய்கிறது.

முதல் வகையினர் அங்கேயும் பசையை ஊற்றிவிடுவார்கள். 2 மீட்டர் நீளம், 160 செ.மீ. அகலம், 1 மீட்டர் உயரத் தலைமாடு. பட்டறைத் தரையில் கம்பீரமாக நிற்கும். அறைக்கதவின் திறப்போ பெரும்பாலும் 75 முதல் 90 செ.மீ. தான். பக்கவாட்டில் நிமிர்த்தி, தலைமாட்டை முதலில் நுழைத்துத் திருப்பினால் கதவைக்கூடத் தாண்டிவிடலாம். மாடிப்படி வளைவில் தாண்டாது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு பாதிப் படியில் நிற்க, யாராவது ரம்பம் கொண்டுவரச் சொல்வதில்தான் இது வழக்கமாக முடிகிறது. வெட்டிய சட்டத்தை இரும்புத் தகடு வைத்து ஒட்டுப்போட்டு, பரிசென்று கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகையினர் "கழற்ற வேண்டும், அவ்வளவுதானே" என்று காலின் வெளிப்பக்கத்திலிருந்து சட்டத்தின் முனைக்குள் நீளமான ஸ்க்ரூக்களை இறக்குவார்கள். இதுதான் அதிகம் நடக்கிறது, அதிகம் கோபம் வரவழைப்பதும் இதுதான். முதல் மாதம் எந்தக் குறையும் தெரியாது. சட்டத்தின் வெட்டுமுனையில் ஸ்க்ரூவின் புரி நாரைக் குறுக்கே கவ்விப் பிடிப்பதில்லை. நார்களின் நுனிகளை நறுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. பிடி நிற்பது அந்தத் துண்டு நுனிகளில்தான். ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து எழும்போதும், புரண்டு படுக்கும்போதும், தரையில் கட்டிலை இழுக்கும்போதும் கால் நெம்புகோலாக மாறி அந்த இணைப்பைப் பிளக்கப் பார்க்கும். நுனிகள் பொடியாகும், துளை பெரிதாகும், மரத்தோடு மரம் உரசும். இரவில் கிறீச்சென்று கேட்பது அந்த உரசல்தான். வீடு மாற்றும்போது ஒருமுறை கழற்றி மாட்டினால் மிச்சமிருந்த பிடியும் போய்விடும். பிறகு இன்னும் நீளமான ஸ்க்ரூ, அதற்குப் பிறகு எல் வடிவத் தகடு. அந்தத் தகடும் சின்ன ஸ்க்ரூக்களில்தானே தொங்குகிறது?

சரியான வழிக்கு ஒரு நாள் வேலை கூடும், அவ்வளவுதான். கால் 70-க்கு 70 மி.மீ., பக்கச் சட்டம் 30 மி.மீ. கனம், 150 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

சட்டத்தின் முனையில் 12 மி.மீ. நீளத்துக்குக் குட்டைக் கழுந்து எடுங்கள். கனம் 20, உயரம் 120 மி.மீ. காலில் அதற்கான துளையை 14 மி.மீ. ஆழத்துக்கு உளியால் வெட்டுங்கள். அடியில் 2 மி.மீ. காலி இருந்தால்தான் சட்டத்தின் தோள் (கழுந்தைச் சுற்றியுள்ள தட்டை முகம்) காலோடு முட்டி உட்காரும். இதில் பசை கூடவே கூடாது. பாரத்தைத் தாங்குவதும், சட்டம் முறுக்காமல் பார்த்துக்கொள்வதும் கழுந்தின் வேலை. இழுத்துப் பிடிப்பது மட்டுமே போல்ட்டின் வேலை.

8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை. முதலில் காலில் மட்டும் போடுங்கள், அதன் வெளிமுகத்தில் தலையும் வாஷரும் புதைய 12 மி.மீ. ஆழப் பள்ளத்தோடு. பிறகு சட்டத்தைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, காலின் துளையையே வழிகாட்டியாக வைத்து ட்ரில்லைச் சட்டத்துக்குள் இறக்குங்கள். இரண்டையும் தனித்தனியே குறித்துத் துளைத்தால் ஒன்றோடொன்று பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சட்டத்தின் உள்பக்கம், தோளிலிருந்து 50 மி.மீ. தள்ளி, குறுக்கே அமரும் உருளை நட்டுக்கு (பக்கவாட்டில் புரித்துளை உள்ள சிறு உலோக உருளை, போல்ட் அதில்தான் திருகும்) ஒரு துளை. 25 மி.மீ. போதுமென்று முனைக்குப் பக்கத்தில் வைத்தால், இறுக்கும்போது நட் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இந்த அளவுகளுக்கு 120 மி.மீ. போல்ட் சரியாக இருக்கும். சட்டத்துக்குள் துளையைத் தோளிலிருந்து 70 மி.மீ. வரை கொண்டுபோங்கள். ஆழம் குறைந்தால் போல்ட்டின் நுனி அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலத் தெரியும், மூலையோ இறுகியிருக்காது.

கழுந்து வெட்டக் கை வராதவர்கள் மூலைக்கு இரண்டு போல்ட், மேலும் கீழுமாக 80 மி.மீ. இடைவெளியில் போடலாம். கழுந்து இல்லாமல் ஒரே போல்ட் என்றால் சட்டம் அச்சில் சுற்றுவது போல அதைச் சுற்றித் திரும்பும்.

ஓர் எச்சரிக்கை. பக்கச் சட்டமும் கால்மாட்டின் குறுக்குச் சட்டமும் ஒரே உயரத்தில் காலைச் சந்தித்தால், போல்ட்டின் பாதையில் குறுக்குச் சட்டத்தின் கழுந்து உட்கார்ந்திருக்கும். மூலையை முழு அளவில் ஒரு தாளில் வரைந்து பார்த்தால் இது முன்பே தெரியும். குறுக்குச் சட்டத்தை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள்.

போல்ட் தலை அசிங்கமாகத் தெரிகிறதென்று மேலே மரக்கட்டையை ஒட்டி மூடுகிறவர்களும் உண்டு. காய்ந்த பருவத்தில் காலின் மரம் சற்றே சுருங்கும், போல்ட் தளரும், திருப்ப வழி இருக்காது. மூட ஆசையென்றால் கழற்றக்கூடிய மூடி போடுங்கள்.

நான்கு கால்களையும் அச்சாக ஒரே மாதிரி துளைப்பது

நான்கையும் அடுக்கி ஒரே மூச்சில் துளை போடுவது திறமை போலத் தோன்றும். இடக்கால் வேறு, வலக்கால் வேறு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். உளியைத் தொடும் முன் நான்கையும் தரையில் கட்டில் நிற்கும் நிலையிலேயே நிறுத்தி, உள்முகங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கழுந்திலும் அதன் துளையின் ஓரத்திலும் உளியால் ஒரு கோடு, இரு கோடு, மூன்று, நான்கு என்று வெட்டிவிடுங்கள். கையால் பொருத்திய மூலைகள் இடம் மாறினால் உட்காராது. பென்சில் எண் பாலிஷோடு போய்விடும்.

மெத்தையைப் பார்க்காமலே சட்டகம் வெட்டுவது

ரகசியம் உடைந்தாலும் பரவாயில்லை, கேட்டு அளந்துவிடுங்கள். பக்கத்துக்கு 1 செ.மீ. இடம் விடுங்கள்.

நடுவில் தாங்கல் இல்லாத அகலக் கட்டில்

அகலம் 140 செ.மீ.யைத் தாண்டினால் நீளவாக்கில் நடுச்சட்டம் ஒன்று வேண்டும், அதன் கீழே இரண்டு கால்களும் வேண்டும். 40-க்கு 70 மி.மீ. கட்டையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கனம் மாறாமல் உயரம் மட்டும் ஒன்றரை மடங்கானால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். நடுக்கால்கள் 3 மி.மீ. நீளமாகிவிட்டாலும் நான்கு மூலைகளும் அந்தரத்தில் ஆடும். எனவே அவற்றைச் சற்றுக் குட்டையாக வெட்டி, அடியில் திருகி உயர்த்தும் பாதம் வையுங்கள். போகப்போகும் வீட்டின் தரை எப்படி என்பது உங்களுக்குத் தெரியாது.

ரீப்பர்களைத் தாங்கும் பட்டியைப் பக்கச் சட்டத்தின் உள்முகத்தில் பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் பொருத்துங்கள், 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. இங்கே இரண்டு மரத்தின் நாரும் ஒரே திசையில் ஓடுவதால் பசை நன்றாகவே பிடிக்கும். ரீப்பர் 80 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம். 60 மி.மீ. இடைவெளியில் 14 ரீப்பர்கள், இரு கோடியிலும் 50 மி.மீ. விட்டால் 2 மீட்டர் கணக்கு சரியாக வரும். இடைவெளியை இன்னும் கூட்டினால் ஃபோம் மெத்தை சந்துகளில் இறங்கும். நடுவில் கணு உள்ள ரீப்பரை ஒதுக்கிவிடுங்கள், முறிவது அங்கேதான்.

தலைமாட்டுப் பலகையைச் சுற்றிலும் ஒட்டுவது

மரம் நீளவாக்கில் அசைவது அநேகமாக இல்லை. அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கும். 40 செ.மீ. அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் 5 சதவீதம் மாறினால் 3 முதல் 4 மி.மீ. கூடும் அல்லது குறையும். தேக்கு அடக்கமான மரம். ஓக்கில் இதுவே இரட்டிப்பாகும். நான்கு பக்கமும் பசை வைத்துப் பூட்டினால், சுருங்க வழியில்லாமல் பலகை நடுவில் வெடிக்கும். சட்டங்களில் காடி (நீளவாக்கில் ஒரு பள்ளம்) எடுத்து, பலகையைப் பசையில்லாமல் நுழைத்து, அகலவாக்கில் இருபுறமும் 3 மி.மீ. அசைய இடம் விடுங்கள். மெல்லிய அலங்காரப் பலகைக்கு இவ்வளவு போதும். பூட்டும் முன்பே பலகையின் ஓரங்களுக்கும் பாலிஷ் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுருங்கும்போது நிறமில்லாத வெள்ளைக் கோடு வெளியே தெரியும்.

400-ஆம் நம்பர் உப்புத்தாள்

வேண்டாம். 80, 120, 180 என்ற வரிசையில் தேயுங்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

முந்தின நாள் ராத்திரி பாலிஷ்

எண்ணெய் வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும். முழுதாக இறுகி வாடை போக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்குள் மெத்தையைப் போட்டு மூடினால் வாடை அதிலேறிப் படுக்கிறவரின் மூக்குக்குப் போகும், சில இடங்களில் துணியும் ஒட்டிக்கொள்ளும். கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ரீப்பர்களுக்குப் பூச்சே தேவையில்லை, வழவழப்பாக இழைத்து விட்டால் போதும்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கழற்றும் சாவி இல்லாமல் கொடுப்பது

ஆலன் கீ ஒன்று, உபரியாக இரண்டு போல்ட், இரண்டு நட். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டுத் தலைமாட்டின் பின்பக்கம் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு பருவம் மாறும்போது ஒருமுறை இறுக்கச் சொல்லி ஒரு சீட்டும் அதோடு இருக்கட்டும்.