ஸ்வால்பார்ட் போறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னாடி மாசத்த முடிவு பண்ணுங்க

நார்வேக்கு மேல, வட துருவத்துக்கு பக்கத்துல இருக்கற ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு போகணும்னா முதல்ல எந்த மாசம்னு முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம் தான். அங்க முக்கிய ஊரான லாங்யர்பியன் 78 டிகிரி வடக்குல இருக்கு, நவம்பர் நடுவுலருந்து ஜனவரி கடைசி வரைக்கும் மத்தியானம் 12 மணிக்கும் கும்மிருட்டு, வானத்துல தெரியற துருவ ஒளி (அரோரா) பாக்கத்தான் அந்த நேரம் சரி. பனி மேல ஓடற ஸ்கூட்டர் மாதிரி வண்டியான ஸ்னோமொபைல் ஓட்டணும்னா மார்ச், ஏப்ரல், வெளிச்சமும் வந்துரும் பனியும் கெட்டியா இருக்கும், ஆனா குளிர் மைனஸ் 20 வரைக்கும் சாதாரணமா போகும், காத்தும் சேந்தா தாங்காது. கப்பல்ல சுத்தி வால்ரஸ் (பெரிய தந்தம் வச்ச கடல் விலங்கு), பனிப்பாறை எல்லாம் பாக்க ஜூலை, ஆகஸ்ட். என்னை கேட்டா முதல் தடவை போறவங்க ஏப்ரல்ல போங்க, அந்த மாச கடைசியில சூரியன் மறையறதே இல்ல.

அடுத்து விசா, இதுல தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. நார்வேயும் மத்த நாடுகளும் 1920ல போட்ட ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தால ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்ல, அது உண்மை தான், ஆனா ஃப்ளைட் நார்வேல இருக்கற ஆஸ்லோ இல்லன்னா ட்ராம்சோ வழியா தான் போகுது, நார்வே ஷெங்கன்ங்கற பொது விசா வச்சிருக்கற ஐரோப்பிய நாடுகள்ல ஒண்ணு, அதனால இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம் வேணும். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளிய இருக்கறதால அங்க போயிட்டு ஆஸ்லோ திரும்பறது ரெண்டாவது என்ட்ரி கணக்கு, சிங்கிள் என்ட்ரி விசா வாங்கினா திரும்பி வர முடியாது, மல்டிப்பிள் என்ட்ரின்னு அப்ளிகேஷன்லயே தெளிவா போடுங்க.

அங்க ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்கு ரோடே கிடையாது. பாரன்ட்ஸ்பர்க் ஊராகட்டும், 1998ல கைவிட்ட பிரமிடன் சுரங்க ஊராகட்டும், எங்க போனாலும் போட் இல்ல ஸ்னோமொபைல் தான், அதுவும் கைடோட போங்க. காரணம் பனிக்கரடி. ஊர் எல்லைய தாண்டினா கரடிய விரட்ட தேவையான சாமான் கையில இருக்கணும்னு சட்டமே இருக்கு, துப்பாக்கியும் எடுத்துட்டு போகச் சொல்றாங்க, அதை வாடகைக்கு எடுக்க கவர்னர் ஆபீஸ் பர்மிட் வேணும், பழக்கமில்லாதவங்க துப்பாக்கி பக்கமே போக வேணாம். 2025லருந்து கரடிகிட்ட குறைஞ்சது 300 மீட்டர் தள்ளி நிக்கணும், மார்ச் 1லருந்து ஜூன் 30 வரைக்கும் 500 மீட்டர். ஒரு ஃபோட்டோவுக்காக கிட்ட கொண்டு போங்கன்னு கைட கெஞ்சாதீங்க ப்ளீஸ், மனுஷன் கிட்ட போனா கடைசியில சாகறது பெரும்பாலும் கரடி தான், அது அதோட வீடு.

இன்சூரன்ஸ்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. லாங்யர்பியன்ல சின்ன ஆஸ்பத்திரி தான், சீரியஸ்னா ட்ராம்சோவுக்கு விமானத்துல தான் தூக்கிட்டு போகணும், அதனால தேடுதல், மீட்பு, மெடிக்கல் இவாக்குவேஷன் மூணும் பாலிசில எழுதியிருக்கான்னு படிச்சு பாருங்க, ஸ்னோமொபைல் கவர் ஆகுதான்னும் கேளுங்க. ஓட்டணும்னா டிரைவிங் லைசென்ஸ் ஒரிஜினல் எடுத்துக்கோங்க.

துணி விஷயம் சிம்பிள், உடம்போட ஒட்டறது கம்பளி, காட்டன் வேணவே வேணாம், வேர்வை பட்டா ஈரம் காயாம உடம்பு ஜில்லுன்னு ஆயிடும். மேல போடற பெரிய சூட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் ஸ்னோமொபைல் டூர்காரங்களே தருவாங்க, வாங்க வேண்டாம்.

திரும்பற ஃப்ளைட்ட மட்டும் இறுக்கமா போடாதீங்க, வானிலை கெட்டா கேன்சல் ஆகும், ஆஸ்லோலருந்து ஊருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது சும்மா விட்டு வைங்க.