பார்மட் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வண்ணார்பேட்டைக் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள், வாங்கும்போதே கூட வந்த, கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் காசு கேட்கும் டிரையல் சாப்ட்வேர்களால் திணறும் பழைய லேப்டாப்பைப் பார்த்ததும் "மொத்தமா பார்மட் அடிச்சிரலாம்ணே" என்கிறார்கள். டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவதைத்தான் சொல்கிறார்கள். பழகும்போது நானும் அதைத்தான் செய்தேன். இதில் நடக்கும் தப்புகள் இவை.

கூட வந்ததெல்லாம் குப்பை என்று நினைப்பது

1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 கம்ப்யூட்டரின் விலை 1,795 டாலர். எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், புரோகிராம் எழுத பேசிக் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். தனியாக வாங்கினால் இவற்றின் விலையே கம்ப்யூட்டர் விலையை நெருங்கும். அப்புறம் ஐபிஎம் கம்பெனியின் கம்ப்யூட்டர் மாதிரியே செய்பவர்கள் பெருகி, விலைப் போட்டியில் லாபம் மெலிந்தபோது, ஆன்டிவைரஸ்காரர்களும் இணைய இணைப்பு விற்பவர்களும் தங்கள் டிரையலை ஏற்றிவிடச் சொல்லிக் காசு கொடுத்தார்கள். குப்பை சேர்ந்தது அப்படித்தான். 2008-ல் சோனி, சில வாயோ லேப்டாப்களில் இதையெல்லாம் நீக்கித்தர 50 டாலர் கேட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

ரெக்கவரி பகுதியை அழிப்பது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. 2007-ல் அம்பாசமுத்திரத்து அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர் புது லேப்டாப் கொண்டுவந்தார், திறந்தாலே ஆன்டிவைரஸ் காசு கேட்கிறது என்று. ஹார்ட் டிஸ்க்கில் தனியாக ஒதுங்கிக் கிடந்த சில ஜிபி பகுதியை வீண் இடம் என்று அழித்துவிட்டு, கையிலிருந்த சிடியைப் போட்டேன். சவுண்ட் இல்லை, வைஃபை இல்லை. டிஸ்க் கொடுக்கும் செலவை மிச்சம்பிடிக்க, விண்டோஸ், சவுண்டையும் வைஃபையையும் இயங்க வைக்கும் டிரைவர் சாப்ட்வேர், அந்தக் குப்பை எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் அந்தப் பகுதியில்தான் வைத்திருந்தார்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த கீயும் (விண்டோஸின் லைசென்ஸ் நம்பர்), என் சிடி விண்டோஸின் வேறு எடிஷன் என்பதால், எடுபடவில்லை. "தம்பி, துட்டு குடுத்துல்லா வாங்கினேன்?" என்றார் அண்ணாச்சி. ரெக்கவரி டிஸ்க்கை என் காசில் வரவழைத்துக் கொடுத்தேன், அது வர இரண்டு வாரம் ஆனது, அதுவரை அவர் கணக்கெல்லாம் நோட்டில்தான்.

விண்டோஸ் 8-லிருந்து கம்பெனி ஏற்றிய கீ, டிஸ்க்கில் இல்லாமல் மதர்போர்டு சிப்பில் உள்ள பயாஸிலேயே இருப்பதால் லைசென்ஸ் தப்பிக்கும். பழைய மெஷின் என்றால் முதலில் ரெக்கவரி டிவிடி எடுத்து வையுங்கள், பிறகு கண்ட்ரோல் பேனலில் ஒவ்வொன்றாக நீக்குங்கள். அரை நாள் ஆகும், ஆகட்டும்.

ரெக்கவரி போட்டால் சுத்தமாகிவிடும் என்று நம்புவது

ஆகாது. டிரையலும் சேர்ந்தே திரும்பி வரும்.

ஒன்றின் மேல் இன்னொரு ஆன்டிவைரஸ்

வேண்டாம். பழையதை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.