எந்தக் கிளையை வெட்டப் போகிறார்கள்? தேர்தல் அறிக்கையைக் கணக்குப் பார்க்கும் முறை

குன்னூருக்குக் கீழே உள்ள எங்கள் ஊரில், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு பதினேழு ஆண்டுகளாக என் கையில்தான் இருக்கிறது. பன்னிரண்டு பெண்கள், வாரச் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டி. பத்து ரூபாய் உதைத்தாலும் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. தேர்தல் வரும்போதெல்லாம் அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்சிகள் சொல்வதைக் கணக்காக எழுதிப் பார்க்கிறேன். முதலில் தனியாகச் செய்தேன். இப்போது குழுவே சேர்ந்து உட்காருகிறது. எந்தச் சின்னத்துக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நாங்கள் பன்னிரண்டு பேருமே ஒரே சின்னத்துக்குப் போடுவதில்லை. கடன், வளர்ச்சி, செலவுக் குறைப்பு என்று மேடையில் மாறி மாறிப் பேசுவதை எடை போட நாங்கள் பழகிக்கொண்ட வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பக்கத்தில் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். மத்திய அரசின் கையில் இருப்பது, மாநில அரசின் கையில் இருப்பது, உள்ளாட்சியின் கையில் இருப்பது. எங்கள் மலையில் இதைச் செய்யாமல் எதையும் தொடக்கூடாது. இங்கே எந்தத் தேர்தல் வந்தாலும் முதல் வாக்குறுதி பசுந்தேயிலைக்கு நியாயமான விலைதான். ஆனால் தேயிலைத் தொழில் 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்படி மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாதாமாதம் பசுந்தேயிலைக்குச் சராசரி விலையை அறிவிப்பது தேயிலை வாரியம். அந்த விலையும் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்தது. சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறவர், "கிலோவுக்கு இவ்வளவு என்று நாங்களே நிர்ணயிப்போம்" என்றால், தன் கையில் இல்லாத பொருளை விற்கிறார். "இன்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடுகிறவர்களுக்கு மாநில நிதியிலிருந்து கிலோவுக்கு ஒரு ரூபாய் ஊக்கத்தொகை தருவோம்" என்றால், அது அவரால் முடிகிற காரியம். என் அரை ஏக்கரில் நல்ல மாதத்தில் 200 கிலோ கொழுந்து வரும். ஒரு ரூபாய் என்றால் மாதம் 200 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் வந்ததா, வரவில்லையா என்று பிறகு கேட்க முடியும்.

அடுத்தது பெருக்கல். தலைக்கு எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை மாதம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000. பெருக்கினால் 12,720 கோடி ரூபாய். 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் அரசு அதற்கு ஒதுக்கியது 13,720 கோடி. எங்கள் பென்சில் கணக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நின்றது. எட்டாம் வகுப்போடு நின்ற ஓர் உறுப்பினர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "கோடி என்றாலே நமக்கு ஆகாத கணக்கு என்று நினைத்திருந்தேன் அக்கா, இது நம் வட்டிக் கணக்கு மாதிரிதானே இருக்கிறது" என்றாள். அன்றிலிருந்து பெருக்கல் வேலை அவளுடையது.

ஆகவே ஒரு கட்சி அந்தத் தொகையை இரட்டிப்பாக்குவேன் என்றால், 2024-25 கணக்கின்படியே இன்னும் ஏறத்தாழ 13,000 கோடி வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது நல்லதா கெட்டதா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டாம். அந்த ஆயிரம் ரூபாய் மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் எப்படிப் போகிறது என்பதை நான் வீடு வீடாக அறிவேன். விலையைத் தெரிந்துகொண்டு வாங்குவோம் என்பதுதான் என் பேச்சு.

பெருக்கும்போது 'தகுதியுள்ள' என்ற சொல் அறிக்கையில் எங்கே வருகிறது என்று கோடிட்டுக்கொள்ளுங்கள். 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானது பலருக்கு நினைவிருக்கும். ஒரே குடும்பத்தில் மொத்தமாக 40 கிராமுக்கு மேல் அடகு வைத்திருந்தவர்கள் உட்படப் பலர் அதில் வரவில்லை. நிபந்தனை வைப்பது தவறில்லை. அது வாக்களிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பணம் எங்கிருந்து வரும் என்று பார்க்கலாம். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இடையில் 41,635 கோடி துண்டு விழுகிறது. அதுதான் வருவாய்ப் பற்றாக்குறை, அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குவது. எங்கள் குழுவில் நாற்று வாங்கக் கடன் கேட்டால் யோசிக்காமல் தருவோம், அரிசி வாங்கக் கடன் கேட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்போம். அரசுக்கும் அந்தப் பார்வை வேண்டும். செலவில் சம்பளம் சுமார் 90,000 கோடி, ஓய்வூதியம் சுமார் 41,000 கோடி, வட்டி சுமார் 70,000 கோடி. வட்டி மட்டும் ஒரு நாளைக்கு 190 கோடிக்கு மேல். இந்த மூன்றுமே செலவில் பாதியைத் தாண்டிவிடுகின்றன. யார் ஆட்சிக்கு வந்தாலும் இவற்றைக் கட்டிய பிறகுதான் மற்றது. வரியைக் குறைப்போம், உதவியைக் கூட்டுவோம், கடனையும் அடைப்போம் என்று மூன்றையும் ஒரே அறிக்கையில் சொல்கிறவர்கள் இந்த மூன்று எண்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

மதுக்கடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையை மூட வேண்டும் என்று கேட்கிறவள் நான், அதில் மாற்றமே இல்லை. 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் மதுவிலக்கைப் பேசின. 2024-25-இல் மது விற்பனையிலிருந்து அரசுக்கு வந்த வரி 48,344 கோடி. வருவாய்ப் பற்றாக்குறையைவிட அது பெரியது. எனவே மூடுவோம் என்கிறவரிடம் 'அந்த இடத்தை எந்த வரவு நிரப்பும், எத்தனை ஆண்டில்' என்று கேட்பது எங்கள் கடமை. பதில் வைத்திருக்கிறவர்தான் உண்மையில் மூடுவார் என்று நான் நம்புகிறேன்.

இப்படிக் கேட்பதற்கு நமக்கு ஒரு பிடியும் இருக்கிறது. இலவசத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் தொடர்பான வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து, தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்கான பணத்தைத் திரட்டும் வழியையும் அறிக்கை பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்கிறது அது. அந்த வழி எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். கிடைத்தால் பக்க எண்ணைக் குறித்துவையுங்கள். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று எழுதுங்கள்.

இனிச் செலவுக் குறைப்பு. எந்தக் கட்சியும் 'இதை வெட்டுவோம்' என்று அச்சடிப்பதில்லை. 'வீண் செலவைத் தவிர்ப்போம்', 'நிர்வாகத்தைச் சீரமைப்போம்' என்றுதான் இருக்கும். ஆகவே வெட்டை நாமே தேட வேண்டும். நிதித்துறையின் இணையதளத்தில் வரவு செலவுத் திட்டப் புத்தகங்கள் கிடைக்கின்றன; குழுவில் யாராவது ஒருவரின் மகனோ மகளோ இறக்கித் தருவார்கள். உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு துறையை எடுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். ஒன்று முடிந்துபோன ஆண்டின் கணக்கு, உண்மையாகச் செலவானது. ஒன்று மதிப்பீடு, அறிவித்தது. ஒன்று திருத்திய மதிப்பீடு, நடு ஆண்டில் மாற்றியது. ஒரு திட்டத்துக்கு 100 ரூபாய் என்று அறிவித்து, அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் அது 70 என்று திருத்தப்பட்டு, அதற்கடுத்த ஆண்டில் கணக்கில் 62 என்று நின்றால், 38 ரூபாய் சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. கைதட்டல் நூற்றுக்குக் கிடைத்தது. ஆண்ட கட்சி எது, ஆண்டு எது என்று பார்த்து, இரண்டு ஆட்சிகளுக்கும் இதே கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எங்களுக்கு இதைப் படிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான் செய்ததிலேயே பயனுள்ள வேலை இதுதான்.

புத்தகத்தில் தெரியாத வெட்டு ஊரில் தெரியும். எங்கள் ஊருக்கு மாலை ஆறரை மணிக்கு ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, ஓட்டுநர் இல்லை என்றார்கள். அறிவிப்பு எதுவும் இல்லை. என் மருமகள் வேலை முடிந்து மெயின் ரோட்டில் இறங்கி, காட்டெருமை நிற்கிற வளைவில் செல்போன் வெளிச்சத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தாள். நான் அந்த வளைவுக்கு முன்னால் டார்ச்சோடு போய் நிற்பேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் தொடங்கி, எங்கள் மலைக்கு 2024-இல் வந்தது. மனமார வரவேற்றோம். ஆனால் வராத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்? ஆகவே உங்கள் ஊரில் நின்றுபோன பஸ், ஆள் போடாத செவிலியர் பணியிடம், ஓராசிரியர் பள்ளி எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். ஒரு கட்சியின் பொருளாதாரக் கொள்கை நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது இந்த உருவத்தில்தான்.

எல்லா வெட்டும் கெடுதல் என்றும் நான் சொல்லவில்லை. தேயிலைக்காரிக்குக் கவாத்து தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் செடி உயர்ந்துவிடும், கொழுந்து குறையும். ஆனால் கடும் வெயிலில் வெட்டினால் தண்டு காய்ந்துவிடும். உயிர் பிடிக்க ஓரிரு கிளையை விட்டுத்தான் வெட்டுவோம். செலவைக் குறைப்பேன் என்று ஒருவர் சொன்னால் எந்தக் கிளை, எந்த மாதம், எதை விட்டுவைப்பீர்கள் என்று கேளுங்கள். விளம்பரச் செலவா, காலிப் பணியிடமா, சாலைப் பராமரிப்பா? சாலையை இந்த ஆண்டு விட்டால் மழைக்காலத்தில் சரிந்த பிறகு செய்ய வேண்டிய செலவு பல மடங்கு. மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைசியாக, வேட்பாளர் வரும்போது ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் ஐந்து கேள்வி கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். போன முறை நான் அந்த ஆறரை மணி பஸ்ஸை மட்டும் கேட்டேன். ஒருவர், "நாங்கள் வந்ததும் எல்லா பஸ்ஸும் ஓடும் அம்மா" என்று கும்பிட்டார். இன்னொருவர் சற்று யோசித்து, "ஓட்டுநர்களை எடுத்தால்தான் வரும், அதற்கு ஒரு வருடமாவது ஆகும், சம்பளத்துக்கு நிதித்துறை ஒப்புக்கொள்ள வேண்டும்" என்றார். இரண்டையும் அவர்கள் எதிரிலேயே நோட்டில் எழுதித் தேதி போட்டேன். இந்த முறை வாசலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டப் போகிறேன்.