புரட்டாசி முதல் கார்த்திகை வரை: பெங்களூரில் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

பெங்களூரில் சைக்கிளில் அலுவலகம் செல்வோருக்கு ஆண்டின் மிக இனிமையான காலைகளும் மிகக் கடினமான மாலைகளும் ஒரே பருவத்தில் வந்து சேர்கின்றன. செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரையிலான இந்த நாட்களில், காலையில் இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் அதிகம் வியர்க்காமல் பத்து கிலோமீட்டர் மிதித்துவிடலாம். அதே நாள் மாலை ஆறு மணிக்கு அதே சாலை முழங்கால் அளவு தண்ணீரில் மூழ்கிக் கிடக்கலாம். எனவே போவதையும் திரும்புவதையும் இரண்டு தனித்தனிப் பயணங்களாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் தனியாக முடிவெடுக்கப் பழகுவதே இந்தப் பருவத்துக்கான முதல் பாடம். காலை வானம் தெளிவாக இருப்பதை மாலைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சென்னையிலிருந்தோ கடலூரிலிருந்தோ புதிதாகக் குடிவந்தவர்கள் இதைச் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வலுத்துப் பெய்யும். காலையில் எட்டிப் பார்த்தாலே அன்றைய நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்நாட்டில் அமைந்த பெங்களூரில் நிலைமை வேறு. பகல் வெயிலில் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, பெரும்பாலும் நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையே இடியுடன் கொட்டித் தீர்க்கிறது. அலுவலகம் விடும் நேரமும் அதுவே. சராசரியாகச் செப்டம்பரில் 200 மி.மீ.க்கு மேலும் அக்டோபரில் 180 மி.மீ. அளவிலும் பெய்யும் மழையில் பெரும்பங்கு இப்படிச் சில மாலைகளில் மொத்தமாகவே இறங்கிவிடுகிறது.

ஆகவே பிற்பகல் மூன்றரை மணியை முடிவெடுக்கும் நேரமாக வைத்துக்கொள்ளலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கென வெளியிடும் உடனடி முன்னறிவிப்பை அப்போது பாருங்கள். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் மேக சந்தேசா செயலி நகரத்தில் எங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்பதைக் காட்டும். பிறகு ஜன்னல் வழியாக வானத்தையும் பாருங்கள். கிழக்கிலோ தெற்கிலோ மேகம் கறுத்து உயர்ந்து நின்று, காற்று திடீரென அடங்கியிருந்தால், உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன: வேலை இடம் கொடுத்தால் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவது, மழை ஓயும் வரை காத்திருப்பது, சைக்கிளை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு மெட்ரோவிலோ பேருந்திலோ வீடு திரும்புவது.

காத்திருப்பதே பெரும்பாலான நாட்களில் சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. இடிமழை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அதே வேகத்தில் நீடிப்பது குறைவு. அது ஓய்ந்து முக்கால் மணி நேரம் கழிந்தால் மேட்டுச் சாலைகளில் தண்ணீர் வடிந்து, வாகன நெரிசலும் சிறிது தளர்ந்திருக்கும். மூன்றாம் வழியைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. கூரையுள்ள நிறுத்துமிடமும் உறுதியான பூட்டும் இருந்தால் சைக்கிள் ஓரிரவு அங்கே தங்குவதில் கேடு எதுவும் இல்லை. மறுநாள் காலை மெட்ரோவில் வந்து, மாலை சைக்கிளில் திரும்பிக்கொள்ளலாம். 2023இல் வைட்ஃபீல்டு வரையிலும், 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரையிலும் மெட்ரோ வந்துவிட்ட பிறகு இது பலருக்கும் கைகூடும் காரியமாகிவிட்டது. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி: குறிப்பிட்ட அளவுக்கும் எடைக்கும் உட்பட்ட மடக்கு சைக்கிளைக் கடைசிப் பெட்டியில் கொண்டுசெல்ல 2021 முதல் அனுமதி உண்டு.

வழியில் மழை பிடித்துக்கொண்டால், எந்தக் காரணத்துக்காகவும் சுரங்கப் பாலத்துக்குள் இறங்காதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாலத்தில் தேங்கிய நீரில் காரோடு சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். கார் மூழ்கும் நீரில் சைக்கிள் என்ன செய்யும்? பெல்லந்தூர், பாணத்தூர், சில்க் போர்டு, மான்யதா டெக் பார்க் சுற்றுப்புறம் போன்ற தாழ்வான பகுதிகளில் ஏரிகளை இணைத்த பழைய ராஜகால்வாய்களின் நீர் சாலைக்கே திரும்பி வருகிறது. தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, சாக்கடையின் மூடுகல் நகர்ந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. சக்கரத்தின் நடு அச்சை நீர் தொடும் என்று தோன்றினால் இறங்கி, நடைபாதைமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேறு வழி தேடுங்கள். இதற்காகவே மேட்டுப் பகுதி வழியாகச் செல்லும் மாற்றுப்பாதை ஒன்றைக் காய்ந்த நாளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். சாக்கடை நீரில் கால் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்து, பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அந்த நீரில் இறங்கிய விவரத்தைச் சொல்லுங்கள்.

மின்னல் தெரிந்து முப்பது நொடிக்குள் இடி கேட்டால், அது பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்கி, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். மரத்தடி கூடாது, மின்னலோடு, முறிந்து விழும் கிளையும் அங்கே ஆபத்து. மேம்பாலத்தின் அடியில் இருசக்கர வாகனக்காரர்கள் கூட்டமாக ஒதுங்குவது இங்கே வழக்கம். அங்கு நிற்பதானால் சாலையை விட்டு மேடைமேல் ஏறி நில்லுங்கள். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநரின் கண்ணாடியில் அப்போது மழை மட்டுமே தெரியும்.

மழை தொடங்கிய முதல் பத்து நிமிடங்களில்தான் சாலை மிக அதிகமாக வழுக்கும். பல நாள் தூசியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் நீரில் கலந்து மேலே மிதக்கும் நேரம் அது. நன்றாகப் பெய்து கழுவிய பிறகு பிடிமானம் ஓரளவு திரும்பிவிடுகிறது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் சுற்றில் நீரை வழிக்க மட்டுமே செய்யும் என்பதால், வழக்கத்தைவிட இரு மடங்கு தொலைவிலேயே மெதுவாகப் பிடிக்கத் தொடங்க வேண்டும். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகள், மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் ஆகியவற்றை நேராக, பிரேக்கைத் தொடாமல், திரும்பாமல் கடந்துவிடுங்கள். ஒயிட் டாப்பிங் செய்த, அதாவது பழைய தாரின் மேல் கான்கிரீட் போர்த்திய சாலைகளின் ஓரத்தில் பழைய தாரோடு சேரும் இடத்தில் ஒரு நீண்ட படி இருக்கும்; அதைச் சாய்வாக ஏற முயன்றால் முன்சக்கரம் சிக்கிக் கீழே தள்ளும். சர்ச் தெருவின் கல் தளமும் ஈரத்தில் நம்பக்கூடியதல்ல. டயர்களில் காற்றை வழக்கமான அளவிலிருந்து 5 முதல் 10 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைத்தால் தரையை அழுத்திப் பிடிக்கும், ஆனால் மெல்லிய டயர்களில் அதற்கு மேல் குறைப்பது பள்ளத்தில் ட்யூபைக் கிழித்துவிடும்.

இந்தப் பருவத்துக்கே உரிய வேறு சில வழுக்கல்களும் உண்டு. ஆயுத பூஜை அன்று பட்டறைகள், கடைகள், அலுவலக வாசல்கள் எல்லாவற்றிலும் குங்குமம் தடவிய பூசணிக்காயைச் சாலையில் உடைக்கிறார்கள். அந்தச் சதை மறுநாள் காலை வரை அப்படியே கிடந்து, இருசக்கர வாகனங்களைச் சறுக்கிவிடுகிறது. அன்றும் மறுநாளும் கடைத்தெருக்களைத் தவிர்த்துவிடுங்கள். உடைப்பவர்களில் நாமும் இருந்தால், பூஜை முடிந்ததும் ஓரமாக ஒதுக்கிவைப்பது நம் கடமை. தீபாவளிக்குப் பிறகு நாலைந்து நாட்கள் மத்தாப்புக் கம்பிகள் டயரில் ஏறும் என்பதால் மாற்று ட்யூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் மடிவாளாவிலிருந்து ஓசூர் சாலை நெடுகத் தமிழ்நாட்டுக்குச் செல்லும் ஆம்னி பேருந்துகளும், அவற்றைத் தேடி ஓடும் நம்மவர்களின் கூட்டமும் நிறைந்திருக்கும். சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. அக்டோபர் முதல் மரமல்லி பூத்துக் கொட்டும் தெருக்களில் விடியற்காலையில் வெண்மையாகப் பரவிக் கிடக்கும் பூக்களும், நசுங்கிய பின் சக்கரத்துக்கு வழுக்குபவைதான்.

வெளிச்சத்தைப் பற்றிப் பலர் எண்ணுவதே இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் மாலை 6.50ஐ ஒட்டி மறையும் சூரியன் நவம்பர் நடுவில் 5.50ஐ ஒட்டியே மறைந்துவிடுகிறது. ஆக, நீங்கள் கிளம்பும் நேரம் மாறாமலே வெளிச்சத்தில் சென்ற பயணம் இருட்டுப் பயணமாகிவிடும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும், பெடலிலும் சக்கரத்திலும் ஒளிதிருப்பும் பட்டைகளும் இருக்கட்டும். பின்விளக்கு மினுக்குவதைவிட நிலையாக எரிவது நல்லது என்று கருதுகிறேன், ஏனெனில் மழையில் தொலைவைக் கணிக்க ஓட்டுநருக்கு நிலையான புள்ளி தேவை. அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ குடியிருந்து கிழக்கே வைட்ஃபீல்டு பக்கம் சீக்கிரமாக வேலைக்குச் செல்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: போகும்போதும் திரும்பும்போதும் தாழ்ந்த சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும், பின்னால் வரும் வண்டிக்காரருக்கும் அப்படியே. தொப்பி விளிம்புள்ள ஹெல்மெட்டும், கால் மணி நேரம் முன்பின் மாற்றிய புறப்பாடும் அதற்குப் போதும்.

உடையில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. இரு சக்கரங்களுக்கும் முழு நீள மட்கார்டு போட்டிருந்தால் பாதி நனைவு தவிர்ந்துவிடும். எந்த விலையுயர்ந்த மழைக்கோட்டைவிடவும் அதற்கே முதலிடம் கொடுப்பேன். மழைக்கோட்டு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும், தொங்கும் நுனி சக்கரத்தில் சிக்காதபடி இடுப்போடு நிற்கட்டும். மடிக்கணினியைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பைக்குள் வையுங்கள். ஒரு மாற்று உடையும் துண்டும் அலுவலக மேசையின் இழுப்பறையில் எப்போதும் இருக்க வேண்டும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் காலைக்குள் ஈரம் உறிஞ்சப்பட்டுவிடும்.

நனைந்து திரும்பிய இரவில் சைக்கிளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். செயினைப் பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டுச் செயின் எண்ணெய் விட்டு, மிகுந்ததை மறுபடி துடைத்துவிடுங்கள். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், இங்கே நவம்பர் இரவுகள் 18 டிகிரிக்கு இறங்குகின்றன. பிரேக் கட்டையில் பதிந்த மண்துகளை ஊசியால் எடுத்துவிடாவிட்டால் அது ரிம்மை அரித்துவிடும். அச்சு வரை நீரில் போன சைக்கிளை அந்த வாரமே கடையில் கொடுத்து, பேரிங்குகளைத் திறந்து புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

நவம்பரில் மழை குறைந்து, மாதச் சராசரி 60 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வோ புயலோ உருவாகித் தமிழகக் கரையை நெருங்கும்போது பெங்களூரில் இரண்டு மூன்று நாட்கள் சூரியனே தெரியாமல் தூறிக்கொண்டிருக்கும். மாலை மட்டும் மழை என்ற கணக்கு அந்த நாட்களில் செல்லாது. தூறல் மெலிதாக இருந்தாலும் சாலையை அது கழுவுவதில்லை, முதல் பத்து நிமிட வழுக்கல் நாள் முழுதும் நீடிக்கும். வடகிழக்குக் காற்று குளிராக முகத்தில் அடித்து விரல்களை மரக்கச் செய்வதால் பிரேக் பிடியும் தளரும். சென்னைக்குப் புயல் எச்சரிக்கை என்று செய்தி வந்தால், விரல் மூடிய கையுறையை எடுத்து வையுங்கள், வழக்கமான பயண நேரத்தோடு கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், காற்று மரக்கிளைகளை ஆட்டுமளவுக்கு வலுத்தால் அன்று சைக்கிளை எடுக்காதீர்கள்.