மோல் கணக்கு: கிராமிலிருந்து கிராமுக்கு நேரே தாவாதீர்கள்

"12 கிராம் மெக்னீசியம் நாடாவை ஆக்சிஜனில் முழுவதும் எரித்தால் எவ்வளவு மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்? எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும்?"

மோல் என்பது, டஜன் மாதிரி, அணுக்களையும் மூலக்கூறுகளையும் மொத்தமாக எண்ணும் ஒரு அலகு. தொடக்கநிலை மோல் கணக்குகள் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் வரும். எண் மாறும், பொருள் மாறும், போகிற வழி மாறாது.

முதலில் சமன்பாட்டை எழுதிச் சமன் செய்யுங்கள். கால்குலேட்டர் இப்போது வேண்டாம்.

2 மெக்னீசியம் + 1 ஆக்சிஜன் → 2 மெக்னீசியம் ஆக்சைடு

இந்த 2, 1, 2 எல்லாம் மோல். 2 கிராமுக்கு 1 கிராம் என்று படித்தால் கணக்கு அங்கேயே போச்சு. அதனால், கொடுத்திருக்கும் கிராமை மோலாக்கிவிட்டுத்தான் சமன்பாட்டைத் தொட வேண்டும். மெக்னீசியத்தின் அணு நிறை 24.3, பள்ளிக் கணக்குக்கு 24 போதும். அதாவது 1 மோல் 24 கிராம்.

12 கிராம் ÷ 24 கிராம்/மோல் = 0.5 மோல்

அலகையும் சேர்த்தே எழுதுங்கள். கிராமும் கிராமும் அடிபட்டு மோல் மட்டும் மிஞ்சும். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டால் கிராம் இரண்டு தடவை வந்து நிற்கும். தப்பு என்று அதுவே சொல்லிவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

இனி விகிதம். 2-க்கு 2 என்பதால் ஆக்சைடும் 0.5 மோல். 2-க்கு 1 என்பதால் ஆக்சிஜன் 0.25 மோல்.

அப்புறம் மோலை மறுபடி கிராமாக்க வேண்டியதுதான். ஆக்சிஜனின் அணு நிறை 16, அதனால் ஆக்சைடுக்கு 24 + 16 = 40.

0.5 மோல் × 40 கிராம்/மோல் = 20 கிராம்

ஆக்சிஜனில்தான் பலரும் வழுக்குவார்கள். ஆக்சிஜன் வாயு இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே இருப்பதால் 16 அல்ல, 32 போட வேண்டும்.

0.25 மோல் × 32 கிராம்/மோல் = 8 கிராம்

சரிபார்ப்போம். 12 + 8 = 20. உள்ளே போன நிறையும் வெளியே வந்த நிறையும் ஒத்துப்போகின்றன. 16 போட்டிருந்தால் ஆக்சிஜன் 4 கிராம்தான் வரும், கூட்டல் இடிக்கும். இதில் ஒரு வேடிக்கை: விகிதத்தையும் மறந்து 16-ம் போட்டால், 0.5 × 16 = 8 என்று சரியான விடையே வந்துவிடும்! இரண்டு தப்பு சேர்ந்து ஒன்றையொன்று மூடிமறைக்கும். விடைப் பக்கத்தோடு எண் பொருந்துகிறது என்று விட்டுவிடாமல் நடுவரிகளையும் பாருங்கள்.

ஆக்சிஜனை லிட்டரில் கேட்டால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் (0°C, 1 வளிமண்டல அழுத்தம்) 1 மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர். 0.25 × 22.4 = 5.6 லிட்டர்.

இதே வழியில் 6 கிராம் கார்பனை முழுவதும் எரித்துப் பாருங்கள். கார்பனின் அணு நிறை 12. கார்பன் டை ஆக்சைடு 22 கிராம் வர வேண்டும்.