பை-ஹோல் பதிவில் கணினிகள் தெரியாமல் போனது: என் அனுபவம்

ஒருவழியாகத் தீர்ந்தது. யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் அனுப்பும் சின்ன அலுவலகம். மதியமானால் இணையம் தவழும். "தம்பி, யாரு என்ன பார்க்குறாங்கன்னு பாருங்க" என்றார் முதலாளி. ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு (சொல்லாமல் செய்வது முறையல்ல), ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் பை-ஹோல் (எந்தச் சாதனம் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறது என்று பதிவு செய்யும் மென்பொருள்) போட்டு, ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (சாதனங்களுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாகக் கொடுக்கும் இடம்) டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை அதற்குத் திருப்பினேன்.

பதிவில் பிரிண்டரும் பழைய சிசிடிவி பெட்டியும்தான் வந்தன. கணினிகள் பெயருக்கு ஓரிரு வரி. ரவுட்டரை ரீசெட் செய்தேன், கேபிள் மாற்றினேன், பிரவுசரில் பை-ஹோலைத் தாண்டிப் போகக்கூடிய பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை அணைத்தேன். பலனில்லை.

துப்பு அங்கேயே இருந்தது: பதிவில் வந்த இரண்டும் ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) மட்டுமே தெரிந்த பழைய சாதனங்கள். ஒரு கணினியில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் விண்டோஸ் கட்டளை) அடித்தேன். டிஎன்எஸ் வரியில் இரண்டு முகவரிகள். மேலே இருந்தது 'எஃப்இ80' என்று தொடங்கிய ஐபிவி6 (புதிய வகை) முகவரி. அது ரவுட்டரேதான்! டிஎச்சிபியில் என்ன எழுதினாலும், ஐபிவி6 அறிவிப்பு வழியாக அது தன்னையே டிஎன்எஸ்ஸாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அதை மட்டும் நிறுத்த அந்த ரவுட்டரில் வழியில்லை. லேன் (அலுவலக உள் நெட்வொர்க்) பக்கம் ஐபிவி6-ஐ அணைத்து, கணினிகளை மறுபடி இணைத்ததும் பதிவு மளமளவென்று நிரம்பியது. விடாமல் வந்த பெயர் ஒரு கிளவுட் பேக்கப் சேவை, கணக்குக் கிராணியின் (எழுத்தரின்) கணினியிலிருந்து. பை-ஹோல் பெயரைத்தான் காட்டும், டேட்டா அளவை அல்ல. அதனால் பேக்கப்பை நிறுத்திப் பார்த்தோம். வேகம் உடனே திரும்பியது. இப்போது அது இரவில் ஓடுகிறது.